ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்

"அங்கிள், கிணத்துக்குள்ள உக்காந்து பேசறீங்களா?" என்று வீடியோவுக்குக் கீழே ஒரு புண்ணியவான் கேட்டிருந்தான். அதற்குக் கீழே இன்னொருவன், "கிணறு இல்ல ப்ரோ, ட்ரம்முக்குள்ள" என்று எழுதி, சிரிக்கும் பொம்மை ஆறு போட்டிருந்தான். மெஷின்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தார். ஆறுதான்.

இருபத்தெட்டு வருஷம் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்த்தவர் அவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, மெஷின்காரர் என்றால் நாலு தெருவுக்குத் தெரியும். லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில் நாலாவது மாடிக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு இடுப்பில் ஏதோ பிசகியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வாளித் தண்ணீரைக்கூடத் தூக்காதீர்கள் என்றார். அதோடு தொழில் முடிந்தது. தெரிந்த வேலையைச் சொல்லியாவது கொடுப்போம் என்று, காயலான் கடையிலிருந்து ஒரு பழைய மெஷினை வாங்கிக் கூடத்தில் போட்டு, ஸ்டூல் மேல் போனை நிறுத்தி, இரண்டு வருஷமாக வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பார்க்கிறவர்கள் நூறு நூற்றைம்பது பேர் தேறுவார்கள். அதைப் பற்றி அவருக்குப் பெரிய குறை இல்லை. அவருக்கு மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. தினமும் காலை பதினோரு மணிக்குப் போனைப் பார்த்து "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறப்பார். சில நாள் தொண்டை ஒத்துழைக்காது, செருமிவிட்டு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கும். பேசி முடித்த பிறகு மறுநாள் பதினோரு மணி வரை பேச ஆள் கிடையாது. பேசுகிற அந்த அரை மணி நேரமும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. எங்கேயோ ஒரு தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியர் எழுதியிருந்தார். உங்கள் பாடம் தெளிவாக இருக்கிறது, ஒலிதான் சகிக்கவில்லை, நல்ல ஒலியோடு ஒரே ஒரு பாடம் எடுத்து அடுத்த சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்புங்கள், பிடித்திருந்தால் பன்னிரண்டு பாடம் எடுத்துக்கொள்கிறோம் என்று. கடைசியில் ஒரு வரி: "வாரத்துக்கு ஒரு நாள் மாணவர்கள் உங்களிடம் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல உங்களுக்குச் சம்மதமா?"

சம்மதமாவாவது! அந்த ஒரு வரியை அவர் எத்தனை தடவை படித்தார் என்பதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருந்த இடத்தை ஒரு தடவைதான் படித்தார்.

மறுநாளே, அது ஒரு சனிக்கிழமை, மைக் வாங்கக் கிளம்பிவிட்டார். கடையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்ததும் வியாதியைச் சொல்லுங்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை.

"என்ன வீடியோ சார் எடுக்கறீங்க?"

"வாஷிங் மெஷின் ரிப்பேர்மா."

"பேசும்போது எங்க இருப்பீங்க? ஒரே இடமா, நடந்துக்கிட்டா?"

"மெஷினுக்கு முன்னாடி. பாதி நேரம் தலை உள்ள இருக்கும்."

"அப்ப யோசிக்கவே வேணாம்" என்று ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தாள். உள்ளே நீளமான கறுப்பு ஒயர், அதன் முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக். "காலர் பக்கத்துல குத்திக்கோங்க. நீங்க குனிஞ்சாலும் நிமிந்தாலும் மைக் உங்க வாயோடவே வரும். இருக்கறதுலயே விலை கம்மி. உங்களுக்கு இதுக்கு மேல எதுவும் தேவையில்ல."

மெஷின்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. பயிற்சி நிலையத்துக்குப் பாடம் எடுக்கப் போகிறவர் சட்டைப் பொத்தானோடு வீட்டுக்குப் போவதா? அவர் கண் பின்னால் அலமாரிக்குப் போனது. அங்கே இரும்புக் கம்பி வளையத்துக்குள் ரப்பர் நாடாவில் தொங்கிக்கொண்டு, கைப்பிடி கனத்தில், வெள்ளியாய்ப் பளபளத்துக்கொண்டு ஒன்று நின்றது.

"அது என்னம்மா?"

"அது கண்டென்சர் மைக் சார். இந்த விலைக்கு நல்ல மைக்குதான். ஊசி விழுந்தாலும் எடுக்கும். ஆனா அதான் அதுல பிரச்சனையே. சத்தமே இல்லாத ரூமா இருந்தா மட்டும்தான் சரிப்படும்."

ஊசி விழுந்தாலும் எடுக்கும் என்பதோடு அவர் காது மூடிக்கொண்டது. புதிதாக மைக் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் செய்கிற தப்பு இது. நன்றாகக் கேட்க வேண்டும் என்றால் நிறையக் கேட்கிற மைக்காக வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"என் வீட்ல சத்தம் போட ஆளே இல்லம்மா" என்றார் மெஷின்காரர்.

அந்தப் பெண் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கூடவே விலை குறைந்த ஹெட்போன் ஒன்றையும் வாங்க வைத்தாள். "காதுல மாட்டிக் கேட்டுக்கிட்டே ரெக்கார்ட் பண்ணுங்க சார். இது இல்லாம பண்றது உப்பு பாக்காம சமைக்கற மாதிரி." ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஏழு நாளுக்குள்ள மாத்திக்கலாம். அடுத்த சனிக்கிழமை கடை மூடற வரைக்கும் டைம் இருக்கு. டப்பாவக் கசக்கிடாதீங்க" என்றாள். அவர் நிச்சயம் திரும்பி வருவார் என்று அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மைக்கைப் பொருத்தி, ஒயரைப் போனில் சொருகி, ஹெட்போனை மாட்டியதும் மெஷின்காரர் ஆடிப்போய்விட்டார். இருபத்தெட்டு வருஷம் சுற்றுகிற ட்ரம்முக்குப் பக்கத்திலேயே நின்று அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால்தான் சாதாரணமாகப் பேசுவதே அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். இப்போது, காணாமல்போன காது திரும்பி வந்த மாதிரி, ஃபிரிட்ஜ் முனகுவது கேட்டது. கடிகாரம் கேட்டது. மூக்கில் மூச்சு போய் வருவது கேட்டது. சொட்டுச் சொட்டென்று என்னமோ விழுந்துகொண்டிருந்ததைத் தேடிப் போனால் குளியலறைக் குழாய். எத்தனை மாதமாக ஒழுகுகிறதோ! வாஷரை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். மைக் வாங்கிய காசில் பாதி இங்கேயே வசூல் என்று தோன்றியது.

பிறகு பாடத்தை ஆரம்பித்தார். மெஷினிலிருந்து தண்ணீர் வடியாவிட்டால் என்ன பார்க்க வேண்டும் என்பது பாடம். பழைய பழக்கத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசினார். முடித்த பிறகு மாட்டிக்கொண்டு போட்டுக் கேட்டார். குரல் நன்றாக இருந்தது. கிணறு காணாமல் போயிருந்தது. "முதல்ல கீழ இருக்கற இந்த மூடியத் திறக்கணும்" என்று தன் குரல் சொன்னதைத் தொடர்ந்து, பின்னால், ரொம்பத் தூரத்தில், ஏதோ முணுமுணுத்தது.

திரும்பப் போட்டார். மறுபடியும் அதே இடத்தில் அதே முணுமுணுப்பு. சத்தத்தைக் கடைசி வரை ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"ப்ளக்கப் புடுங்குடா மொதல்ல."

மெஷின்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. செத்துப்போன வாடிக்கையாளர் யாராவது பாக்கி வேலைக்கு வந்திருக்கிறாரோ என்றுகூட ஒரு நொடி நினைத்தார். பிறகுதான் அந்த 'டா' மண்டையில் உறைத்தது. உலகத்தில் அவரை இன்னும் டா போட்டுக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

அண்ணன்.

அப்பா கட்டிய வீடு அது. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனதும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றை எழுப்பி, முன்பாதி தம்பிக்கு, பின்பாதி அண்ணனுக்கு என்று பிரித்தார்கள். தம்பி வாசல் முன்தெருவில், அண்ணன் வாசல் பின்தெருவில். ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் மருந்துக்கடை முனை வரை நடந்து, திரும்பி, அந்தத் தெரு முழுக்க நடக்க வேண்டும். பத்து நிமிஷம் ஆகும். பக்கத்திலேயே இருந்துகொண்டு பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான வீடு கிடைக்காது.

அண்ணனும் அதே தொழில்தான். வேலையை விட்டு வீட்டோடு உட்காரும் வரை அவர் பார்த்தது ஓட்டல், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் இருக்கிற ராட்சத மெஷின்கள். தம்பியின் மனைவிக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவர் வெளியூரில், ஏதோ ஒரு ஓட்டலில் வேலையாக இருந்தார். போன் போட்டால் எடுக்கவில்லை. இரண்டு நாள் எடுக்கவில்லை. அவள் கண் திறந்தபோதெல்லாம் "மாமா வந்துட்டாரா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள், எல்லாம் முடிந்து ஆட்களும் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், தோளில் டூல் பையோடு அண்ணன் வாசலில் வந்து நின்றார். மெஷின்காரர் இருந்த நிலையில், நாலு பேர் பார்க்க, வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினார். கடைசியாக, "இனிமே இந்த வாசல்ல கால வெக்காதீங்க" என்றார்.

அண்ணன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு போனவர் போனவர்தான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிறவி அது. அவருடைய போன் ஓட்டல் மெஷினின் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது என்பது ஆறு மாதம் கழித்து, உதிரிபாகக் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் மெஷின்காரருக்குத் தெரிந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது? இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஆறப்போட்டு ஆறப்போட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது. போகாததற்கு அவரிடம் காரணம் எதுவும் இல்லை. வெட்கம்தான்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. நாலு வருஷமாக ஏன் என்று கேட்காதவர், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நக்கலா அடிக்கிறார்? அண்ணியும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். பதினோரு மணியானால் அவர்களுக்குக் காசில்லாத நாடகம். இருக்கட்டும், என்னதான் பேசுகிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன் என்று திங்கட்கிழமை மைக்கைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி வைத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டே பாடம் எடுத்தார்.

அவர் செருமியதும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. ஒரு நாற்காலி தரையில் இழுபட்டு வந்தது. "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். "ம்" என்றது சுவர்.

அதற்குப் பிறகு அவருக்குப் பாடம் எங்கே ஓடும்? ஏதோ உளறி வைத்தார். உளறிய இடத்திலெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து திருத்தம் வந்தது. "அது இல்லடா, பக்கத்து ஸ்க்ரூ." "மெதுவா, மெதுவா, உடைச்சிராத." ஒரு இடத்தில், "இத நல்லா சொன்னான்." கடைசியில் "நாளைக்குப் பாக்கலாம்" என்று மெஷின்காரர் கையெடுத்துக் கும்பிட்டபோது, "சரி சரி" என்று பதில் வந்தது. நாற்காலி திரும்பிப் போனது. டிவி மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

யாரும் சிரிக்கவில்லை. நக்கல் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படியேதான். புதன்கிழமை அவர் பாடமே எடுக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஒட்டுக்கேட்கிறோம் என்று கூச்சமாக இருந்தது. கழற்றி வைப்பார், ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் மாட்டிக்கொள்வார். பதினோரு மணிக்கு அங்கே டிவி நின்றது. நாற்காலி வந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு, "என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஒரு குரல், தனக்குத்தானே.

அன்றைக்கு முழுக்கக் கேட்டதில் அவருக்கு இன்னொன்றும் பிடிபட்டது. அண்ணி குரல் வரவே இல்லை. பிள்ளைகள் குரலும் இல்லை. ஒரு தட்டு கழுவுகிற சத்தம்தான் வந்தது, இரண்டாவது தட்டு வரவில்லை. ஒரு ஜோடிச் செருப்புதான் நடந்தது. இருமினால் தண்ணீர் வேணுமா என்று கேட்க ஆள் இல்லை. இந்தப் பக்கம் இருக்கிற அதே வீடுதான் அந்தப் பக்கமும் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அதற்கு விளக்கம் கிடைத்தது. அண்ணன் போனில் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"சாப்டேன்... ஆமா, மாத்திரையும் போட்டேன். நீ எதுக்கு அவசரப்பட்டு வர்ற? கொழந்தைக்கு ஒரு வயசாவது ஆகட்டும். மக வேலைக்குப் போனா யாரு பாத்துப்பா? அங்கயே இரு... எனக்கென்ன? பேச்சுத் துணையா? அதான் இருக்கானே பக்கத்துல. தெனம் பேசிட்டுத்தான இருக்கான்." கொஞ்சம் நிறுத்தி, "நேத்துதான் பேசல. இன்னிக்கும் பேசல" என்றார்.

மெஷின்காரர் ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறோமே என்று ஒரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது. பார்க்கத்தான் யாரும் இல்லையே என்று அழுதார்.

எழுந்து போய்ச் சுவரைத் தட்டினால் என்ன? கையைக்கூடத் தூக்கிவிட்டார். தட்டினால், இத்தனை நாள் பேசியதெல்லாம் கேட்டிருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரிந்துபோகும். தெரிந்தால் அந்த மனுஷர் ரோஷத்தில் வாயை மூடிவிடுவார். அதற்குப் பிறகு இந்த முணுமுணுப்பும் இருக்காது. கையைக் கீழே போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை வேறு கவலை பிடித்துக்கொண்டது. நாளை சாயங்காலத்துக்குள் பாடத்தை அனுப்ப வேண்டும். வகுப்பில் போட்டால் பின்னால் ஒருத்தர் "டேய், டேய்" என்று சொல்லிக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் கேட்டுச் சிரிப்பார்கள். மைக்கைத் தள்ளி வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், போர்வையால் மூடியும் பார்த்தார். தலை மெஷினுக்குள் போனால் அவர் குரல் அமுங்கியது, சுவர்க் குரல் அமுங்கவில்லை. கடைசியில் கசங்காமல் வைத்திருந்த டப்பாவில் மைக்கைப் போட்டு, ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கடைக்காரப் பெண் அவரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "என்ன சார், சத்தம் போட ஆள் வந்துட்டாங்களா?"

"பக்கத்து வீட்டுப் பேச்செல்லாம் வருதும்மா."

"அன்னிக்கே சொன்னேன்ல?" என்று பொத்தான் மைக்கை எடுத்து, அவளே அவர் காலரில் குத்தி, ஹெட்போனைக் காதில் வைத்துவிட்டாள். "பேசிப் பாருங்க."

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார்.

கடைக்கு வெளியே பஸ் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார். எதுவும் பெரிதாகக் காதில் விழவில்லை. அவர் குரல் மட்டும் துடைத்து வைத்த மாதிரி கேட்டது.

"பாத்தீங்களா? இதுல உங்க குரலத் தவிர வேற ஒண்ணும் வராது சார்" என்றாள் அவள் பெருமையாக.

அவள் சொன்னது முழுக்க நிஜம். அவருக்கு அந்தப் பாடத்துக்கு ஏற்ற மைக் அதுதான், விலையும் குறைவு, மீதிப் பணமும் கைக்கு வரும். ஆனால் "வணக்கம்" சொல்லிவிட்டு அவர் காது தானாகவே ஒரு "ம்"முக்குக் காத்திருந்தது. அது வரவில்லை. நாளையிலிருந்து வராது என்பதை நினைத்ததும் அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. பொத்தானைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இருக்கட்டும்மா. இதையே வெச்சுக்கறேன்."

"சார், நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. அப்புறம் மாத்த முடியாது."

"தெரியும்மா."

"அப்ப பக்கத்து வீட்டுச் சத்தம்?"

"அது... அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டாளோ தெரியாது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அண்ணனுக்கு உலகத்தில் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ள முடியும், மெஷினைப் பற்றித் தப்பாகச் சொன்னால் மட்டும் பொறுக்காது. ஒரு தடவை ஒரு கல்யாண வீட்டில், முன்னே பின்னே தெரியாத ஆள் ஒருவர் மோட்டாரைப் பற்றித் தப்பாகச் சொன்னார் என்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய் விளக்கம் சொன்னவர் அவர்.

சனிக்கிழமை பதினோரு மணி. மைக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து, ஹெட்போனை மாட்டி, பதிவுப் பொத்தானை அழுத்தினார். இந்தப் பாடம்தான் பயிற்சி நிலையத்துக்குப் போக வேண்டியது. செருமினார். டிவி நின்றது. நாற்காலி வந்தது, இன்றைக்குக் கொஞ்சம் அவசரமாகவே வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்."

"ம்."

"இன்னிக்கு, துணி பிழியும்போது மெஷின் சத்தம் போட்டா என்னன்னு பாக்கலாம்." பழைய மெஷினைச் சுற்றவிட்டார். வீடு முழுக்கக் கடகடவென்று ஒரு இரைச்சல். ஏரோப்ளேன் கிளம்புகிற மாதிரி அந்த இரைச்சல் வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மெஷின் வேலை பழகுகிறவர்கள் முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற விஷயம் இது. மெஷினை நிறுத்தினார். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொழிலுக்குத் துரோகம் செய்யப் போகிற பதற்றம் இருந்தது.

"இந்தச் சத்தம் வந்தா, பெல்ட் போயிடுச்சுன்னு அர்த்தம்."

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அவர் குரலை உயர்த்தினார்.

"பெல்ட்ட மாத்தினா சரியாப் போயிடும். பேரிங்கத் தொடவே வேணாம்."

"அடப்பாவி!" என்றது சுவர். நாற்காலி தடாலென்று நகர்ந்தது. செருப்பு சரசரவென்று போனது. எதையோ உருட்டுகிற சத்தம், இரும்பில் இரும்பு படுகிற சத்தம். பிறகு ஒரு கதவு சாத்தியது.

அதோடு சரி. ஹெட்போனில் ஃபிரிட்ஜும் கடிகாரமும்தான் மிச்சம். மெஷின்காரர் காத்திருந்தார். வெறுத்துப்போய் எங்கேயாவது கிளம்பிவிட்டாரோ? இவன் தேற மாட்டான் என்று தலை முழுகிவிட்டாரோ? இத்தனை நாள் கிடைத்த அந்த "ம்"மையும் பேராசைப்பட்டுக் கெடுத்துக்கொண்டோமே என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். போனில் நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாலு, ஏழு, பத்து, பதிமூன்று.

வாசல் மணி அடித்தது.

ஹெட்போன் ஒயர் காலில் மாட்டி இழுபட, அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அண்ணன் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் பேரிங் கழற்றுகிற புல்லர். வாசற்படிக்கு ஒரு படி கீழேயே நின்றுகொண்டார். கால் படியில் படவில்லை.

"பேரிங்குடா அது" என்றார்.

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா பெல்ட்டுன்னு சொன்ன? யாராவது கேட்டுட்டு, இருக்கற பெல்ட்டக் கழட்டிட்டு நிக்கப் போறான்."

"நீங்க வருவீங்களான்னு பாக்கத்தான்ணே சொன்னேன்."

அண்ணன் புல்லரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். தம்பியின் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார். உள்ளே, சுவரோரம் பளபளத்துக்கொண்டு நின்ற மைக்கைப் பார்த்தார். தொழில் தெரிந்த மனுஷர், எது எதோடு இணைந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை.

"நான் சொல்றதெல்லாம் உனக்குக் கேக்குதா?"

"ஒரு வாரமாத்தான்ணே கேக்குது." மெஷின்காரர் வழியை விட்டு ஒதுங்கி நின்றார். "அன்னிக்கு நான் சொன்னது தப்புண்ணே. உள்ள வாங்க."

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றினார். ரொம்ப நேரம் கழற்றினார். நிமிரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன்டா" என்றார்.